முதுகு காட்டிய பாதாள அரசர்

சேவல் கொண்டையின் இரத்தத்தைத் தொட்டுக் கண் திறந்து வைத்த அந்த நொடியிலேயே, படத்திலிருந்த பாதாள அரசர் திரும்பி நின்றுகொண்டார். தப்பு பூசாரி சியூவுடையது. அதை அவரே மறுக்கவில்லை. புதுப் படச்சுருளில் சாமிக்குக் கண் திறக்கையில் மந்திரத்தைத் தவிர எதுவும் பேசக்கூடாது. சியூவுக்கோ நாக்கு சும்மா இருக்காது. "கண்ணைத் திறங்க ராசா, ஆனா என் மாமனார் என்னை முதமுதலா பார்த்த மாதிரி பார்த்துடாதீங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்துப் படங்களின் சாமிகள் நேரே பார்த்தபடி இருக்க, இவர் முதுகைக் காட்டினார். கறுப்பு அங்கிக்குள் தோள்கள் மெல்லக் குலுங்கின.

ஸாவ் மலைமக்கள் வழக்கப்படி, எல்லாச் சாமிகளும் பார்க்க விளக்கேற்றிப் பெயர் வாங்காதவன் நரைத்தாலும் பிள்ளைதான். செத்தால் முன்னோர்களும் அவனை யாரென்று கேட்பார்கள். சியூவின் மகன் குவானுக்கு அந்த வாரம் நடக்கவிருந்த சடங்கு நின்றுபோனது. மலையில் ஏலக்காய் விலை ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது. குவானுக்குக் கல்யாணமாகி முன்மயிர் நரைத்தது. விருந்துகளில் அவன் இன்னும் பிள்ளைகள் வரிசையில், தன் மகன்களுக்கு நடுவே உட்கார்ந்தான். சோளச் சாராயம் அவனைத் தாண்டிப் போகும். "தம்பிக்கு எலும்பில்லாத கறியா பார்த்துப் போடுங்கப்பா" என்பார்கள் அவனுக்கு இளையவர்கள். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சியூவுக்குச் சோறு இறங்காது.

புத்தாண்டுதோறும் பன்றித்தலை படைத்து மன்னிப்புக் கேட்டார். பேச்சுவாக்கில் எப்படியோ மாமனார் உள்ளே வந்துவிடுவார். தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கும். அரசர் அழுகிறார் என்றது ஊர். சியூ ஏழு மலைப் பூசாரிகளிடம் பரிகாரம் கேட்டார். ஒருவர் இருமினார், ஒருவர் வானத்தைப் பார்த்தார், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்து, பூஞ்சை பிடிக்காமல் படங்களை மூங்கில் கழியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள் சியூவின் மனைவி லோமெய். "அவருக்கு என்மேல அப்படி என்னதான் கோபம்?" என்று பாதி தனக்கே புலம்பினார் சியூ.

"கோபமா? சிரிக்கிறாரு" என்றாள் அவள், அரசரின் படத்துக்குப் பின்பக்கம் நின்றபடி. "முகம் இந்தப் பக்கம்தானே இருக்கு. வருசாவருசம் பார்க்கிறேன்."

"அடிப்பாவி, சொல்லக்கூடாதா?"

"ஊரெல்லாம் கேட்ட, என்கிட்ட எப்பய்யா கேட்ட? பாவம், சிரிப்பு அடங்கித் திரும்பலாம்னு பார்ப்பாரு, அதுக்குள்ள நீ மன்னிப்புக் கேக்க வந்து நிப்ப. படத்தைத் திருப்பி மாட்டு. பையனுக்கு விளக்கை ஏத்து. நீ மட்டும் வாயைத் திறக்காத."