இலவசமாக இரண்டு நாள்

கப்பலின் மேல்தளத்தில், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில், வறுத்த இறால் தட்டோடு உட்கார்ந்திருந்தாள் வெர்னா. ஆட்டம் பாட்டங்களை நடத்தும் ப்ரெண்ட் மைக்கோடு மேடையேறினான்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான சேதி! நாம திரும்பிப் போய் இறங்க வேண்டிய கால்வெஸ்டன்ல புயல் கரையேறப் போகுது, துறைமுகத்தை மூடிட்டாங்க. அதனால இன்னும் ரெண்டு நாள் நமக்குக் கடல்தான். எல்லாமே இலவசம்!"

விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. குளத்துக்குள் இருந்தவர்கள் தண்ணீரை வாரி இறைத்தார்கள்.

கால்வெஸ்டன் வெர்னாவின் ஊர். எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள்; தங்கை மேவிஸ் மட்டும் வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்று காலையில் போனில் சண்டை பிடித்தாள். பேச்சு பாதியில் அறுந்ததுதான், அப்புறம் லைன் கிடைக்கவேயில்லை.

"கேட்டியா ஓடிஸ்? நம்ம ஊர் முங்கப் போகுது, இதுங்களுக்குக் கும்மாளத்தைப் பாரு!"

"விடு வெர்னா, அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றான் அவள் கணவன் ஓடிஸ். புயல் மாதத்தில் டிக்கெட் மலிவு என்று இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தவன் அவன்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

வெர்னா எழுந்தாள். ஈரத் தரையில் விறுவிறுவென்று நடந்து போய் ப்ரெண்டின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எதுக்கு இப்போ கைதட்டுனீங்க? என் தங்கச்சி அங்க இருக்கா. உசுரோட இருக்காளான்னு தெரியல. உங்களுக்கு இது லாட்டரியா?"

தொப்பி போட்ட ஒருத்தி கத்தினாள்: "புயலை நாங்களா கூட்டிட்டு வந்தோம்? லீவுக்கு வந்த இடத்துல எதுக்கு ஒப்பாரி?"

"ஒப்பாரி வைக்கல. உன் வீட்டுல தீப்பிடிச்சா நான் கைதட்டட்டுமா?"

"அம்மா, கீழ வாங்க, பேசிக்கலாம்" என்று ப்ரெண்ட் கெஞ்சினான்.

"அந்தப் பெரிய திரையில ஓடுற பாட்டை நிறுத்து. எங்க ஊர்ச் செய்தியைப் போடு. போடுற வரைக்கும் இங்கிருந்து நகர மாட்டேன்."

போட்டார்கள். கடற்சுவரைத் தாண்டி அலை தெருவுக்குள் புகுந்துகொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே பலர் கலைந்தார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் துண்டைப் போர்த்தியபடி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். எல்லோரும் அதே ஊர்க்காரர்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

துறைமுகம் திறந்து கரை இறங்கியதும் வெர்னா நேராக மேவிஸின் வீட்டுக்கு ஓடினாள். முட்டி வரை சேறு. பரணில் ஏறி உயிர் பிழைத்த மேவிஸ், கலைந்த தலையோடு மெத்தையை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா மகராசி? ரேடியோவுல கேட்டேன், ரெண்டு நாள் சும்மாவே கூடக் கெடச்சுதாமே. ஆட்டமெல்லாம் நல்லா இருந்துச்சா?"

வெர்னாவுக்குச் சுள்ளென்று ஏறியது. மைக்கைப் பிடுங்கியது, திரை முன்னால் விடிய விடிய நின்றது, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"மெத்தையோட அந்த முனையைப் பிடிடீ, திமிர் பிடிச்சவளே!" என்றாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஒழியவில்லை.