நரசிங்கத்தின் பத்து நகங்கள்

என் வீட்டுக்காரருக்கு வருஷத்தில் ஒரு நாள் பத்து விரலிலும் நகம் முளைக்கும். முளைக்க வைப்பது நான். மறுநாள் காலையில் கழற்றுவதும் நான். நடுவில் ஒரு ராத்திரி மட்டும் அவர் நரசிங்கம், ஊரே கையெடுத்துக் கும்பிடும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரோடு மாரடிக்கிறவள் இந்த ராமக்கா என்பதை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அவர் பெயரை நான் சொல்வதில்லை. ஊரில் குள்ளன் என்பார்கள். ஆறடி ஆள். தினமும் ஒரு தடவையாவது நிலையில் தலையை இடித்துக்கொண்டு அதற்கும் என்னைத்தான் திட்டுவார். வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பங்குனித் திருவிழாவுக்கு இரணியன் கூத்து வைப்பார்கள். தூண் பிளந்து வருகிற நரசிங்கம் பதினெட்டு வருஷமாக அவர்தான்.

நகம் என்றால் சும்மா நகமில்லை. மாட்டுக் கொம்பைச் சீவி அரத்தால் ராவிச் செய்தது. ஒவ்வொன்றும் நாலு அங்குலம் இருக்கும். முதலில் கோதுமைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு வருஷம் நடுக்கூத்தில் மூன்று நகம் கழன்று இரணியனின் டோப்பா முடியில் சொருகிக்கொண்டது. இரணியன் செத்த பிறகு எழுந்து நகத்தைத் திருப்பிக் கொடுத்தானாம். ஜனம் சிரித்த சிரிப்பில் சாமிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அதிலிருந்துதான் அரக்கு.

மலைக்காரர்கள் கொண்டுவரும் அரக்கை மத்தியானமே மண் ஓட்டில் போட்டு உருக்குவேன். முதல் சொட்டை என் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பேன். எனக்குப் பொறுத்தால் அவருக்குப் பொறுக்கும் என்று கணக்கு. ஆனால் பொறுக்காது. "சாவடிக்கிறியா புள்ள?" என்று கத்துவார். கொம்புக்குள் அரக்கை விட்டு விரல் நகத்தில் மாட்டி, நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது சுண்டுவிரலில் தொடங்கினால் இடது பெருவிரலில் முடியும். பெருவிரல் இரண்டும் ஏறிவிட்டால் மனுஷன் அவ்வளவுதான். களி உருட்ட முடியாது, செம்பைத் தூக்க முடியாது, வேட்டிகூடக் கட்ட முடியாது. "முதுகு அரிக்குது" என்பார். பத்து நகத்தை வைத்துக்கொண்டு முதுகு சொறியத் தெரியாத சாமியை நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டின அரக்கு தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கும் மசியாது. சாராயத்துக்குத்தான் மசியும். ஒரு சட்டி சாராயத்தில் அரைமணி நேரம் விரலை ஊறப் போட்டால் அரக்கு பிசுபிசுவென்று இளகிவிடும். கொம்பைத் திருகிக் கழற்றலாம். அதற்கென்றே கோயில் செலவில் ஒரு கூஜா சாராயம் எங்கள் வீட்டுக்கு வரும். விரல் குடித்தது போக மீதியை அவர் குடிப்பார். அரக்கு கலங்கிய அந்தச் சட்டியையும் விட மாட்டார். அன்றைக்கு ஆரம்பித்தால் ஒரு வாரம் போகும். போன வருஷம் அந்த வாரத்தில்தான் தொப்பூரிலிருந்து எங்கள் பாஞ்சாலியைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பாவை அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். எருக்குழியில் படுத்திருந்தார். வந்தவர்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். பாஞ்சாலி அழவில்லை. அவள் அழாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் புரட்டாசியில் சர்க்கார் சேலம் ஜில்லா முழுக்கச் சாராயக் கடையை மூடிவிட்டது. முதல் மாசம் என் வீட்டுக்காரர் பேய் பிடித்தவர் மாதிரி இருந்தார். இரண்டாம் மாசம் சோறு சாப்பிட்டார். மூன்றாம் மாசம் கூரைக்கு ஓலை மாற்றினார். பதினெட்டு வருஷத்தில் அவர் கூரை ஏறினது அதுதான் முதல் தடவை. பொம்மிடி ரயிலடியில் மூட்டை மேஸ்திரியாக இருக்கும் மல்லையன் தன் மகனுக்குப் பாஞ்சாலியைக் கேட்டு வந்தார். அங்கே மதுவிலக்குக் கமிட்டியில் அவர் ஒரு மெம்பர். ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார்.

"கடெ இருந்திருந்தா உங்க வூட்டுப் படி ஏறியிருக்க மாட்டேனுங்க. இப்ப ஆளு திருந்திட்டார்னு சொல்றாங்க. கூத்துக்கு மறுநாள் உச்சிக்குள்ள வந்து வெத்தல பாக்கு மாத்திக்கறோம். வாசனெ அடிச்சுதுன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவோம். கோவிச்சுக்கக் கூடாது."

கூத்து நன்றாக நடந்தது. விடிந்ததும் சாமி வீடு வந்து சேர்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டியது.

"கொண்டா."

"என்னத்தெ?"

"அதான் புள்ள. நகத்துக்கு."

அவர் முகத்தை நான் பார்த்தேன், என் முகத்தை அவர் பார்த்தார். ஆறு மாசமாக எங்கள் வீட்டில் அந்தப் பேரை ஒருவரும் எடுத்ததில்லை. எடுத்தால் அவருக்கு ஆசை வந்துவிடும் என்று நான் பயந்தேன். தனக்கே வந்துவிடும் என்று அவரும் பயந்திருக்கிறார். இப்படி எடுக்காமல் எடுக்காமல், நகம் கழற்ற அது வேண்டும் என்பதையே இரண்டு பேரும் சுத்தமாக மறந்துபோனோம்.

இரணியன் குடலைக் கிழித்த நகத்தோடு நிச்சயத் தாம்பூலம் மாற்ற முடியுமா? எந்தச் சம்பந்தி வாங்குவார்? வெந்நீரில் போட்டோம். விரல் வெந்தது, அரக்கு அசையவில்லை. விளக்கெண்ணெய் தடவினோம், மண்ணெண்ணெய் தடவினோம். குறடு வைத்துப் பிடித்து இழுத்தேன். நரசிங்கம் போட்ட சத்தத்தில் தெருமுனை வரைக்கும் நாய் குரைத்தது. ராத்திரி மேடையில்கூட அப்படிக் கர்ஜித்திருக்க மாட்டார்.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் போனேன்.

"எங்கூட்ல ஏது ராமக்கா அது? சர்க்கார் மூடச் சொன்ன அன்னிக்கே நாங்க கையக் கழுவிட்டோம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதே பேச்சு, அதற்கடுத்த வீட்டிலும் அதே. பூசாரி காதைப் பொத்திக்கொண்டார். இப்படி ஒரு உத்தமமான ஊரில் வாழ்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"ராத்திரி முச்சூடும் உங்களுக்காக ஆடின சாமி நகத்தோட கெடக்குது! ஒரு சட்டி குடுக்க ஆளில்லெ! பொழுது சாஞ்சும் நகம் கழலலீன்னா அந்த உக்கிரம் யார் வூட்டு மேல எறங்குமோ, எனக்குத் தெரியாது. அப்பறம் என்னெச் சொல்லக் கூடாது!"

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்காருவதற்குள் முனியம்மாள் முந்தானையில் மூடி ஒரு புட்டியைக் கொண்டுவந்தாள். பிரசவ மருந்துக்கு வைத்திருந்தாளாம். அவளுக்கு வயது அறுபது. பின்னாலேயே ஒருவர் ஊறுகாய்ச் சாடியோடு வந்தார், பல்வலிக்காம். மாட்டுக் கால் வீக்கத்துக்கு ஒரு கலயம் வந்தது. குழந்தைக்கு மாந்தம் என்று இன்னொன்று வந்தது. கோழிக்கூடைக்கு அடியில் இருந்ததில் இறகு ஒட்டியிருந்தது. பூசாரி தீர்த்தச் செம்பிலேயே கொண்டுவந்தார், என்ன வியாதி என்று நானும் கேட்கவில்லை. ஒருவர் கொடுத்து நாம் கொடுக்காமல் போனால் சாமி கோபம் நம் மேல் திரும்பும் என்று மொத்தம் பதினாலு பாத்திரம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் இத்தனை நோயாளிகள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேண்டாம், ஒன்று போதும் என்றால் கேட்டால்தானே. வைத்துவிட்டு ஓடியே போனார்கள்.

வீடு கடை மாதிரி நாறியது. ஒரு சட்டியில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். கையில் அகப்பைக் கட்டையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நாக்கை நீட்டினால் அகப்பைதான் என்று சொன்னேன். அவர் விரலை உள்ளே விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. எனக்கு அழுகையாக வந்தது. கூரையில் புது ஓலை இருந்தது. உள்ளே பாஞ்சாலி தலை சீவிக்கொண்டிருந்தாள். நகம் கழன்றால்தான் தாம்பூலம். நகம் கழன்றால் அந்தக் கை செம்பைத் தூக்கும். நான் எதை வேண்டிக்கொள்வது?

சுண்டுவிரல் நகங்கள் முதலில் வந்தன. அப்புறம் மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். எட்டு நகம் தரையில் கிடந்தது. நான் இடது பெருவிரலைப் பிடித்துத் திருகப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"போதும் புள்ள."

"ரெண்டு இருக்குதுங்களே?"

"பெருவெரல் ரெண்டும் இருக்கட்டும்." சட்டியைக் காலால் தள்ளிவிட்டார். "இந்தப் பதினாலும் வூட்டெ வுட்டுப் போற வரைக்கும் இருக்கட்டும். இது கழண்டா நான் எடுத்துருவேன் ராமக்கா. என்னெ எனக்குத் தெரியும்."

அவர் அப்படித் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அகப்பையைக் கீழே வைத்தேன். அப்போது வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வண்டிச் சத்தம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. கதர்ச் சட்டையோடு மல்லையன் நின்றிருந்தார். பின்னால் அவர் சம்சாரம் சின்னக்கா தாம்பாளத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது.

மல்லையன் மூக்கு ஒரு தடவை விரிந்து சுருங்கியது. பதினாலு பாத்திரத்தையும் வரிசையாகப் பார்த்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது.

"இது எங்களுது இல்லீங்க. நகத்துக்குங்க. ஊரு குடுத்ததுங்க. ஒரு சொட்டு அவர் வாயில படலீங்க. நம்பாட்டிப் போங்க, வண்டி அங்கதான் நிக்குது!"

கடைசியில் கோபம் வந்துவிட்டது. என் பிழைப்பே அப்படித்தான். மல்லையன் திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து குனிந்து, ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்து பார்த்தார்.

"இது கடெசி வடி, வெறும் தண்ணி. இதுல ஊறப்போட்டா நாளைக்கும் கழலாது. இது வேலம்பட்டெ போட்டது." பூசாரியின் தீர்த்தச் செம்பை முகர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "இது மொத வடி. தீக்குச்சி காட்டினா எரியும். இதுல போட்டிருந்தீங்கன்னா அரைமணி எதுக்கு, களி கிண்டற நேரத்துல..."

அங்கே நிறுத்திக்கொண்டார். கமிட்டி மெம்பரின் காது சிவந்தது. செம்பு இன்னும் அவர் கையில் இருந்தது.

"அதெ வெய்யுங்க கீழ" என்றாள் சின்னக்கா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் வைத்தார்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த இரண்டு பெருவிரலையும் பார்த்தார்.

"கடெ மூடின மாசம் எங்கூட்ல தெனமும் பொழுது சாஞ்சா என் கையெக் கட்டில் காலோட சேத்துக் கட்டுவா" என்று சம்சாரத்தைக் காட்டினார். "நான்தான் கட்டச் சொன்னேன். எங்கூட்ல கயிறு, உங்கூட்ல நகம். அவ்வளவுதானுங்க சம்பந்தி. வெத்தலெயெ எடுங்க."

என் வீட்டுக்காரர் எடுத்தார். எட்டு விரலால் தட்டை ஏந்திக்கொண்டு, வெற்றிலை மேல் இரண்டு கொம்பையும் ஜாக்கிரதையாகத் தூக்கிப் பிடித்தபடி நீட்டினார். மல்லையன் வாங்கும்போது ஒரு கொம்பு அவர் கதர்ச் சட்டையில் மாட்டி ஒரு சாண் கிழித்தது. "இரணியனுக்குக் கெடச்சதெ வுட நமக்குக் கொறச்சல்தான்" என்றார் மல்லையன். உள்ளே பாஞ்சாலி சிரித்தது கேட்டது. அப்போதுதான் நான் அழுதேன்.

அன்று மாலைக்குள் பதினாலு பாத்திரமும் அவரவர் வீட்டுக்கே போய்விட்டது. சட்டியில் இருந்ததைக் கொல்லையில் கொட்டினேன். முனியம்மாள் வீட்டுச் சேவல் அதைக் கொத்திவிட்டு மத்தியானமா விடியலா என்று தெரியாமல் இரண்டு நாள் கூவியது.

கொட்டுவதற்கு முன்னால், பாத்திரமெல்லாம் வீட்டை விட்டுத்தான் போய்விட்டதே, அந்த இரண்டையும் கழற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். இத்தனை நாளும் ஊரில் அது இல்லை என்று நினைத்துக்கொண்டு தைரியமாக இருந்தாராம். இப்போது எந்த வீட்டில் எந்தக் கூடைக்கு அடியில் இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்துபோயிற்றாம்.

பதினோரு நாள் நான்தான் களி உருட்டி ஊட்டினேன். ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்வானேன், இரண்டு நாள் அலுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் இடது பெருவிரல் கொம்பு தானாகக் கழன்று களித் தட்டில் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி, துடைத்து, என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"அரக்கு மீதி இருக்குதா புள்ள?"

நான் அரக்கு உருக்குகிற மண் ஓட்டை எடுத்து அடுப்பில் வைத்தேன். அவர் உட்கார்ந்து விரலை நீட்டினார்.