சுக்கானுக்கு மூன்று வேளை மருந்து

கண்டக்குழியில் மர்ளியா வளர்த்த கடுவன் பூனைக்குப் பெயர் சுக்கான். வள்ளம் கரைக்கு வந்தால் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை கீரிமீனை மூக்கடியில் வைத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு முதுகைக் கூனிச் சத்தி எடுத்தது. கோப்பித் தூளைக் கரைத்து ஊற்றினதுபோல் இருந்தது. மர்ளியா வேலியோரத்து மண்ணைக் கிளறிப் பார்த்தாள். பீயும் தார் மாதிரிக் கறுத்திருந்தது.

"பூனைதானே, புல்லத் திண்டா சுகமாயிரும்," என்றாள் பக்கத்து வீட்டு ஹவ்வா.

"இது ரத்தம். வயித்துக்குள்ள கசியுது." மர்ளியாவின் வாப்பாவுக்கு அல்சர் வந்தபோது ஆஸ்பத்திரியில் இந்தக் கறுப்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள்.

காயப்போட்ட கருவாட்டை ஹவ்வாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து பஸ் ஏறினாள். பாலாவியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து முந்தலுக்குப் போனாள். அங்கே மிருக வைத்தியர் அன்ரனிப்பிள்ளை சுக்கானின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பல்முரசு வெளிறிப்போயிருந்தது.

"மனுசர்ட குளிசை ஏதும் குடுத்தீங்களா?"

"இல்ல டொக்டர்."

"வீட்டில எல்லாரையும் கேளுங்க."

கணவன் ஹுனைஸுக்குப் போன் போட்டாள். அவன் இழுத்தான்.

"சுக்கானுக்குக் கால் நொண்டிச்சே... என்ட முழங்கால் குளிசையில கால்வாசி. மூணு நாள். மீனுக்குள்ள வச்சுக் குடுத்தன். நோவு குறையட்டுமெண்டுதான் மர்ளியா..."

"அந்தக் குளிசை பூனைக்கு நஞ்சு," என்றார் அவள் சொன்னதைக் கேட்ட டொக்டர். "இரைப்பையப் புண்ணாக்கியிருக்கு. சிறுநீரகத்தையும் பாக்கணும்."

ரத்தம் சோதித்து, இரண்டு நாள் அங்கேயே வைத்துச் சேலைன் ஏற்றினார். சிறுநீரகம் தப்பியிருந்தது. மூன்றாம் நாள் மர்ளியா போனபோது இரண்டு மருந்து கொடுத்தார். ஒன்று அமிலத்தைக் குறைக்க, மற்றது புண்ணை மூடிப் பிடிக்க. மூடுகிற மருந்தைத் தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் மூன்று வேளை கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அவித்த கோழி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

"ஒரு வேளையும் தவறக்கூடாது."

"தவறாது," என்றாள்.

முதல் நாளே அவள் கையெல்லாம் கீறல். பாதி மருந்தைச் சுக்கான் துப்பிவிட்டது. வாசலில் நின்ற ஹுனைஸுக்கு உள்ளே வரவே கூச்சமாக இருந்தது.

"நான் புடிக்கவா?"

"நீங்கதான் புடிக்கணும்."

அவன் பழைய சாரத்தில் பூனையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவள் கடைவாயில் சிரிஞ்சியை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒன்று, ளுஹருக்கு ஒன்று, இஷாவுக்கு ஒன்று. ஹுனைஸ் தினமும் தொழிலுக்குப் பிந்திப் போனதால் வள்ளத்தில் கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஏழாம் நாள் மண்ணைக் கிளறிய மர்ளியா அப்படியே குந்தியிருந்தாள். கறுப்பு இல்லை, சாதாரண நிறம். டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"சந்தோசம். ஆனா நிப்பாட்டாதீங்க. இன்னும் ஒரு கிழமை."

அன்று பகல் சிரிஞ்சியைக் கண்டதும் சுக்கான் ஒரே பாய்ச்சலில் கூரைக்கு ஏறிவிட்டது. ஹுனைஸ் சிரித்துவிட்டான்.

"இந்த ஒரு வேளைய உடுவமா?"

மர்ளியா ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள்.

"புடிங்க, நான் ஏறுறன்."