தம்பி படுத்த குடிசை

கிலியோனே, ரக்பிப் பயிற்சியாளர் தோமாசியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பந்தலுக்கு நடுவே இழுத்துவந்து, பன்றி சுடும் கம்பால் முதுகில் ஓங்கி அடித்தான். துதிப்பாட்டு பாதியில் நின்றுபோயிற்று. சாவுக்கு மரியாதை செய்ய தோமாசி கொண்டுவந்திருந்த பாய் சேற்றில் மிதிபட்டது.

“எங்கண்ணனைக் கொன்னுட்டுப் பாயா கொண்டாறே? வெயில்ல ஓடவிட்டே சாகடிச்சியேடா!”

“கிலியோனே, நான் சொல்றதைக் கேளுப்பா...”

அடுத்த குத்து வாயில் விழுந்தது. பல்லொன்று தெறித்தது. நாலு பேர் சேர்ந்து பிடித்தும் கிலியோனேயை அடக்க முடியவில்லை. அவன் உதறிய உதறலில் ஒருத்தன் மண்குழி அடுப்பின் சுடுகற்கள்மேல் போய் விழுந்து அலறினான்.

லவீனியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாய்களின் மேல் அவள் தம்பி செமிசி கிடந்தான். இருபத்துமூன்று வயது, எருமை மாதிரி உடம்பு. முந்தாநாள் ரக்பிப் பயிற்சியில் தோளோடு தோள் முட்டித் தள்ளக் குனிந்தவன் எழுந்திருக்கவேயில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எதனால் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கிலியோனே சித்தப்பா மகன்; செமிசியோடு ஒரே அணியில் ஆடினான், கொல்லைப்புறத்துக் குடிசையில் ஒன்றாகத்தான் படுத்தான்.

அவள் கண் இப்போது கிலியோனேயின் மூக்கின் மேல் நின்றது. ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அவனை யாருமே அடிக்கவில்லை. கழுத்தெல்லாம் கொப்புளம். கை நடுக்கம். இந்தக் கண்மண் தெரியாத கோபம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஊக்கமருந்து போட்டவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அப்படியே எதிரில் நின்றது. விளையாட்டுத் துறையில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே வைதுகொண்டாள்.

செமிசி திடீரென்று பருத்தபோது அவளுக்குச் சந்தேகம் வராமலில்லை. ஆனால் அவர்கள் வழக்கப்படி, வயசுக்கு வந்த தம்பியின் அறைக்குள் அக்கா கால் வைக்கக் கூடாது. அவன் உடம்பைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மற்றவர் பிள்ளைகளையெல்லாம் நிற்கவைத்துக் கேட்டவள், சொந்தத் தம்பிக்குக் கிலியோனேயைத்தான் தூது அனுப்பினாள். “குடிசையைத் தேடிப் பாரு” என்றாள். அவன் போய்வந்து, “வெறும் சத்து மாத்திரைதான் அக்கா” என்றான். அவள் நம்பினாள். நம்பிவிடுவது மரியாதையாகவும் இருந்தது, சுலபமாகவும் இருந்தது. அந்த மரியாதைதான் இன்று பாயில் கிடந்தது.

லவீனியா படியிறங்கிக் கொல்லைப்புறம் நடந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று புரிந்ததும் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மெலெனாயித்தே அத்தை ஜன்னல் வழியே கத்தினாள். அப்பாவின் அக்கா அவள். சாவு வீட்டில் அத்தை சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

“ஏய் லவீனியா! தம்பி படுத்த இடம்டி அது! அவன் இன்னும் மண்ணுக்குள்ள போகல!”

அவள் நிற்கவில்லை. கிலியோனே தோமாசியை விட்டுவிட்டு ஓடிவந்து குடிசை வாசலை மறித்தான்.

“உள்ள போகாதே அக்கா.”

“தள்ளு.”

“போனே, அக்கான்னு பார்க்க மாட்டேன்.”

“பார்க்காதே. அடி.”

கை ஓங்கினான். குத்து அவள் காதோரமாகப் போய்க் கதவில் இறங்கியது. பலகை பிளந்து சிராய் அவள் கன்னத்தைக் கிழித்தது. லவீனியா அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். அக்கா கை தன்மேல் பட்டதில் அவன் விக்கித்துப் போனான். அவள் உள்ளே நுழைந்துவிட்டாள்.

செமிசியின் வியர்வை நாற்றம் இன்னும் போகவில்லை. படுக்கையைப் புரட்டினாள். காலுறைக்குள் சின்னச் சின்னக் குப்பிகள், ஊசிகள். ஓர் ஊசியின் முனையில் ரத்தம் இன்னும் கறுக்காமல் சிவப்பாக இருந்தது. செத்தவன் ஊசி போட்டுக்கொள்ள மாட்டான்.

“இன்னிக்கும் ஊசி போட்டுக்கிட்டியா?”

கிலியோனே வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

“காலையில. அண்ணனை அந்தப் பாயில பார்த்துட்டு வந்து போட்டேன். நிறுத்தினா உடம்பு இறங்கிடும் அக்கா. ஆக்லாந்து அணிக்காரங்க ஆள் எடுக்க வராங்க.”

“யார் குடுத்தா?”

“நான்தான் வாங்கினேன். நான்தான் அவனுக்கும் போட்டுவிட்டேன்.” கையால் மார்பை அழுத்திக்கொண்டான். “இங்க என்னவோ குதிக்குது. ராத்திரியெல்லாம் குதிக்குது.”

தோமாசி நொண்டிக்கொண்டே வந்துசேர்ந்தார். வாயெல்லாம் ரத்தம்.

“வெளிய சொல்லிடாதேம்மா. ஒருத்தன் மாட்டினாலும் அணிக்கே நிதி கிடையாதுன்னு அரசாங்கம் விதி போட்டிருக்கு. நீதானே வந்து படிச்சுக் காட்டினே? செத்தவனோட போகட்டும். மத்த பசங்க பொழைப்பு என்னாகும்?”

அவள்தான் படித்துக்காட்டினாள். நல்லதற்கென்று போட்ட விதி. அதற்குப் பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே பழகிவிட்டது.

மெலெனாயித்தே அத்தை எழுந்தே வந்துவிட்டாள். தலைமாட்டை விட்டு அவள் எழுந்தால் சடங்கே நின்றமாதிரி. பிளந்த கதவையும், மார்பைப் பிடித்துக்கொண்டு கிடந்த கிலியோனேயையும், கையில் ஊசிகளோடு அண்ணன்தம்பி படுக்கைமேல் நின்ற மருமகளையும் பார்த்தாள்.

“இவனும் செத்துடுவானா?”

“தெரியல அத்தே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்ன போட்டான்னு தெரியணும், எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியணும். குப்பியில ஒட்டியிருக்கிற சீட்டை நம்ப முடியாது. டாக்டருக்கும் சொல்லணும், துறைக்கும் சொல்லணும்.”

“சொன்னா நிதி போயிடும்மா...” என்றார் தோமாசி.

“வாயை மூடுடா தோமாசி. ஒரு குழிதான் வெட்டியிருக்கு” என்றாள் அத்தை.

லவீனியா தன் வண்டியிலிருந்து ஒரு சோதனைக் குப்பியை எடுத்துவந்து கிலியோனேயின் முன் நீட்டினாள். எதற்கென்று வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது. தம்பி முறையுள்ளவனிடம் எந்த அக்காவும் சொல்லாத வார்த்தை.

“மூத்திரம் பேஞ்சு குடு.”

கிலியோனே முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஓவென்று அழுதான்.

“பக்கத்துல ஆம்பளை ஒருத்தர் நின்னு பார்க்கணும்” என்றாள் லவீனியா, யாரையும் பார்க்காமல்.

தோமாசி ரத்தத்தைத் துப்பினார். பிறகு குனிந்து, தன்னை அடித்தவனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

“வாடா” என்றார்.

இரண்டு பேரும் குடிசைக்குப் பின்னால் போனார்கள். அக்காவாகப்பட்டவள் காது கேட்காத தூரத்துக்குப் போய்விட வேண்டும். லவீனியா போகவில்லை. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விட்டுவிட்டு, நடுங்கி நடுங்கி, குப்பியில் விழுகிற சத்தம் கேட்டது.

தோமாசி கொண்டுவந்து கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூடியை இறுகத் திருகினாள்.