எண்ணெய்த் தூக்கம்

பிள்ளைகள் பாதுகாப்புச் சங்கத்து அம்மா வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வருவதாகக் காகிதம் வந்திருந்தது. சுடலைக்கண்ணு ஆறு மணிக்கே மகளை மணையில் உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை பெண்பிள்ளைகள் தலைமுழுகுகிற நாள். பிள்ளை பளிச்சென்று இருக்க வேண்டாமா? குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்கள் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அவன் கைக்காகக் காத்துக் கிடப்பார்கள். ஆறு வயது வள்ளித்தாய்க்கு மட்டும் அந்தக் கை ஓசி.

நான்கு நாளாகவே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூரையில் புது ஓலை செருகினான். தரையை இரண்டு தரம் மெழுகினான். சிலேட்டு ஒன்று வாங்கி, பிள்ளை கிறுக்கியது போதாதென்று தானும் கொஞ்சம் கிறுக்கி, வருகிறவள் கண்ணில் படும்படி சாத்தி வைத்தான். தைலக் குப்பிகளைப் பார்த்தால் வேறு ஏதாவது நினைப்பாளோ என்று எல்லாவற்றையும் அடுத்த வீட்டு முப்பிடாதியம்மாளின் காப்பிக்கடையில் கொண்டுபோய் ஒளித்தான். ஒளித்த பிறகு, ஒளித்தது தெரிந்தால் இன்னும் மோசமாயிற்றே என்று திரும்ப எடுத்து வந்தான்.

எல்லாம் சுரண்டை மதினியால் வந்தது. செத்துப்போன அவன் பெண்டாட்டிக்கு அக்காள், கோமதியம்மாள். போன மாதம் ஒரு முற்பகலில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது கதவு வெளியே சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளை ஒற்றையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு உலுக்கியும் கண்ணைத் திறக்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைக்குக் கடுகளவு அபினி கொடுத்துக் கிடத்திவிட்டுப் போவது அங்கே நடக்காத காரியமல்ல. மதினி கெட்டவள் இல்லை. தங்கை பிள்ளையாயிற்றே என்று வயிறெரிந்து, அபினிதான் என்று சங்கத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டாள். அது நிசம் என்று சங்கத்தார் முடிவு கட்டினால் பிள்ளையைப் பாளையங்கோட்டை ஹோமில் சேர்ப்பார்கள். பதினாறு வயதுவரை அங்கேதான்.

சீயக்காய் போட்டு அலசி, தலையைத் துவட்டி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கூந்தலைப் பரத்திச் சாம்பிராணி போட்டான். புகை மேலே வர வர வள்ளித்தாயின் கண் சொருகியது. மதினி வந்த அன்றும் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஏட்டி, தூங்காதட்டி. இங்கன பாரு, அப்பாவப் பாரு."

"பாக்கேன்பா," என்றாள் கண்ணை மூடிக்கொண்டே.

தூக்கி நிறுத்தினான். நின்றபடியே தூங்கினாள். கிச்சுக்கிச்சு மூட்டினான், சிரித்துவிட்டுத் தூங்கினாள். முப்பிடாதியம்மாள் சுக்குக்காப்பி கொண்டுவந்தாள். இரண்டு மடக்குக் குடித்து, மூன்றாவது மடக்கை வாயிலேயே வைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்தாள்.

"ஏ சுடலை, ஜமீன்தாரையே பாறையில குறட்டை விட வச்ச ஆளுல்லா நீ? பச்சப்புள்ள என்ன செய்யும்?" என்றாள் முப்பிடாதியம்மாள். "இன்னைக்கா ஒன் கைவரிசையக் காட்டணும்?"

அவனுக்கு அழுகை வந்தது. வேறு எதுவும் அவனுக்குச் செய்யத் தெரியாது. அதுதான் உண்மை.

குடையை மடக்கிக்கொண்டு சங்கத்து அம்மா உள்ளே வந்தபோது வள்ளித்தாய் பாயில் மல்லாந்து கிடந்தாள். அந்த அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். சேலைக்கரை நனைந்திருந்தது. சிலேட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுதான் பிள்ளையா?"

"ஆமாம்மா. எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனேன். அதான் அசந்துட்டா."

"மனுவிலயும் அசந்து கிடக்கான்னுதான் எழுதியிருக்கு."

குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். சாரல் மூட்டத்தில் குடிசைக்குள் கண்மணியைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. அவன் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினான். அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"பன்னெண்டு மணி பஸ் வர இருக்கேன். தானா முழிச்சு எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா மனுவ முடிச்சிருவேன். முழிக்கலைன்னா தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். அங்கேருந்து ஹோமுக்கு. நீரு பிள்ளையத் தொட வேண்டாம்."

அவள் மணையில் உட்கார்ந்தாள். அவன் பாயருகே குத்தவைத்தான். எழுந்தான். மறுபடியும் உட்கார்ந்தான். தெருவில் நாய் குரைத்தது, மாட்டுவண்டி போனது, முப்பிடாதியம்மாள் வேண்டுமென்றே ஒரு குடத்தைக் கீழே போட்டாள். பிள்ளை அசையவில்லை. நெற்றியும் மூக்கும் எண்ணெய் மினுமினுப்போடு, ஒரு குறையும் இல்லாமல் தூங்கிற்று. செத்துப்போன அம்மாவின் ஜாடை பிள்ளைக்குத் தூக்கத்தில்தான் வரும். அதைப் பார்க்க இந்த நேரத்திலும் அவனுக்கு ஆசையாக இருந்தது.

மேலகரம் பக்கம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்த அம்மாள் பையைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் அவன் அண்ணாந்து பார்த்தான். புது ஓலையும் பழைய ஓலையும் சேருகிற இடத்தில் சாரல் தண்ணீர் திரண்டு தொங்கியது. நேர் கீழே வள்ளித்தாயின் கண். ஜில்லென்ற ஒரு சொட்டு போதும். யாரும் தொட வேண்டாம், உலுக்க வேண்டாம். விழுந்தால் எழுந்துவிடுவாள். விழு தாயே, விழு என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

சொட்டு விடுபட்டது. அவன் கை நீண்டு அதை ஏந்திக்கொண்டது.

என்ன செய்தோம் என்று அவனுக்குப் புரிவதற்குள் அடுத்த சொட்டும் உள்ளங்கையில் விழுந்தது. கையை இழுக்கலாம். இழுக்கத்தான் நினைத்தான்; பிள்ளையின் தூக்கத்தைக் கலைக்கக் கை வரவில்லை. அந்த அம்மாள் பையோடு எழுந்தவள் அவன் கையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். வெளியே பஸ் வந்து நின்று இன்னொரு தரம் ஹாரன் அடித்தது. பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் மேலே, எண்ணெய் ஏறிக் கறுத்த அந்தக் கையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிறைந்துகொண்டிருந்தது.