அவரைக்கு ஆகாத இரத்தம்

என் கதவை யாரும் தட்டுவதில்லை. பார்சல் கொண்டுவருகிறவன்கூட வாசலில் போட்டு, படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். அதனால் மேல்மாடி மதாம் நாதியா ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து தட்டியபோது, வீடு மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நான் அருமைநாதன், மன்னார்க்காரன். கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கம், லாசாலில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. சகோதரங்கள் எல்லாரையும் கனடாவுக்குக் கூப்பிட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என் கலியாண வயது போய்விட்டிருந்தது. வந்தவர்களும் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்கள். ஏணிக்கு யார் நன்றி சொல்வது?

மதாம் நாதியா எகிப்துக் கிறிஸ்தவர், விதவை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று என் நெற்றியில் சாம்பல் சிலுவையைப் படிக்கட்டில் கண்டு, "நீங்களும் நோன்பா?" என்று கேட்டிருந்தார். ஓம் என்றேன். அந்த ஒரு 'ஓம்' போதுமாக இருந்தது. அன்று கதவைத் தட்டியது அதற்குத்தான்: வெள்ளிக்கிழமைகளில் மேலே வந்து தன்னோடு சாப்பிட வேண்டும் என்று கட்டளை. இருவருடைய பிரெஞ்சும் நொண்டி, அதனால் யாரும் யாரையும் முந்தவில்லை. கல்கரியில் இருக்கும் மகன் போன் எடுப்பதில்லை என்று அவர் சொல்வார். என் தம்பிமாரும் அப்படித்தான் என்று நான் சொல்வேன். கிழமை முழுக்க நான் அந்த மேசைக்காகத்தான் வேலைக்குப் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதலில் பருப்புச் சோறு. அடுத்த கிழமை கத்தரிக்காய். அதற்கடுத்த வெள்ளி, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு மசித்த கபிலநிற அவரை. எங்கள் அவரையில்லை, ஊரில் காணாத பெரிய விதை. "இன்னும் கொஞ்சம்?" என்று கரண்டியோடு நின்றார். இரண்டாம் தரம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வருமா? வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சள். படியேற மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு, அந்த அவரை என் இரத்தத்துக்கு ஆகாது என்றார்கள். கட்டில் கிடைத்ததும், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். யோசித்துவிட்டு மருமகளின் பெயரைக் கொடுத்தேன்.

றொஷினி என் அக்காவின் மகள். இங்கே டவுன்டவுனில் தங்கி உயிர்வேதியியல் படிக்கிறாள். மடிக்கணினியோடு வந்து கட்டில் நுனியில் இருந்தாள்.

"மாமா, சின்னனில ஏதும் குளிசை ஒத்துக்கொள்ளாமல் வந்ததோ?"

"மலேரியாக் குளிசை ஒண்டு. போட்டவுடன மஞ்சளாப் போனனாம், அம்மா சொல்லுவா. இஞ்ச எங்க மலேரியா? அதால நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை."

"அந்தக் குளிசைக்கும் இந்த அவரைக்கும் காரணம் ஒரே என்சைம்தான் மாமா! நாங்கள் சோதினைக்குப் படிச்சது!" பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமன் ஒரு பாடமாகிப்போனேன்.

நாங்கள் பள்ளியில் நொதியம் என்று படித்ததைத்தான் சொல்கிறாள். திரையில் நிறநிறமான நாடாக்கள் சுருண்டு கிடந்தன. "இதுதான் அந்தப் புரதம். ஐந்நூறுக்கு மேல அமினோ அமிலம் கோத்த சங்கிலி. மடிப்புச் சரியா இருந்தால்தான் வேலை செய்யும். உங்களுக்கு அதில ஒண்டு மாறிப்போச்சு, அதால மடிப்பு கெதியாக் குலையுது. நீங்கள் சாப்பிட்ட அந்தப் பெரிய அவரையில இருக்கிற ஒரு பொருள் இரத்தத்தில ஓடுற செங்குழியத்தைத் தாக்கும். காவல் நிக்கிறது இந்த என்சைம்தான். அது குறைஞ்சால் குழியம் வெடிச்சு, மூச்சுக்காத்தைச் சுமக்கிற ஈமோகுளோபின் மூத்திரத்தோட போகும்."

"குலைஞ்சால் புதிசாச் செய்யேலாதோ?"

"உடம்பில மற்றக் கலங்கள் செய்யும். செங்குழியத்துக்கு, அந்தச் செய்முறை இருக்கிற கரு இல்லை மாமா. ஈமோகுளோபினுக்கு இடம் விடுறதுக்காகக் கருவை வெளிய தள்ளிப்போடும். கையில இருக்கிறதோட கடைசிவரைக்கும் ஓட வேண்டியதுதான்."

மற்றவர்களுக்கு மூச்சைச் சுமப்பதற்காகத் தன்னுடையதை எறிந்துவிட்டு ஓடுகிற அந்தச் சீவனின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். றொஷினி நேரத்தைப் பார்த்தாள்.

"வகுப்பு இருக்கு. பேந்து வாறன் மாமா."

அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

மதாம் நாதியாவிடம் சொல்லக் கூடாது என்று கட்டிலிலேயே முடிவு செய்தேன். சொன்னால் மேசை போய்விடும். ஆனால் வீடு திரும்பிய அன்றே அவர் படிக்கட்டில் என் கண்ணைக் கண்டுவிட்டார். மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அவரை சிலருக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்காமல் போட்டேனே," என்று சிலுவை போட்டுக்கொண்டு மேலே போனார். அதன் பிறகு அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது 'போன்ஜூர்' என்ற வணக்கம் ஒன்றுதான். பாணில்லை, பழமில்லை, ஒரு தண்ணீர்கூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் மேலே நடப்பது கேட்கும். நான் கீழே தலையை உயர்த்திக்கொண்டு இருப்பேன்.

திரும்பப் போனபோது இரத்தம் சோதித்தார்கள். புதுச் செங்குழியங்கள் ஊறிவிட்டன, எல்லாம் சரி என்றார் டொக்டர். என்ன சரி? ஒரு அமினோ அமிலம் மாறினதற்கு ஒரு வீடே போவதா? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த வெள்ளி சோறு சமைத்து, பருப்புக்கறி வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப்போய்த் தட்டினேன்.

கதவு ஒரு விரலளவு திறந்தது. எண்ணெயும் எலுமிச்சையும் மணத்தன.

"இன்றைக்கு அவரைதான். தயவுசெய்து போங்கள்," என்றார்.

"என் சாப்பாடு என் கையில் இருக்கிறது, மதாம். உங்களுடையது எனக்கு வேண்டாம். எதிரில் ஒரு ஆள்தான் வேண்டும்."

தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். குரல் உடைந்தது எனக்கே கேட்டது.

அவர் கதவை முழுதாகத் திறந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டியை மூடி யன்னலோரம் தள்ளிவைத்தார். முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்து இழுத்துவிட்டு, அவரை போட்ட தன் தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் அடுத்த முனையில் போய் இருந்தார்.

"சாப்பிடுங்கள். நீங்கள் முடிக்கும்வரை நான் இதைத் தொடமாட்டேன். முடிந்ததும் கீழே போய்விடுங்கள்."

நான் மெதுவாகச் சாப்பிட்டேன்.