நானூறு டன் குறைவு

1957 நவம்பர் 19, மினசோட்டா, சுப்பீரியர் ஏரியின் வடகரை. ரயில் எடைச் சீட்டுகளின்படி 10,800 டன் இரும்புத்தாது ஏறிய கப்பல், அதன் பக்கவாட்டு ஆழக் குறிகளின்படி 10,390 டன் மட்டுமே சுமந்திருந்தது.

அந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ரயிலும் கப்பலும் ஒரே கம்பெனியுடையவை. ஆனாலும் தண்டவாளத்து ஆட்களும் கப்பல்காரர்களும் ஒருவரையொருவர் நம்பியதில்லை. சுரங்கத்துக்குப் பணம் போவது எடைச் சீட்டை வைத்துத்தான் என்பதால் சந்தேகம் நேராக மேட்டிலிருந்த எடை நிலையத்துக்கு ஏறியது. பத்தொன்பது வருடமாக அங்கே எடை போடுபவர் ரெய்னோ கின்னுனன். அவருடைய மைத்துனர் சுரங்கத்தில் மேஸ்திரி.

தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்ட்ரவுட் என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். கப்பல் புறப்பட்ட பிறகும் விசாரணைக்காகக் கரையில் நிறுத்தப்பட்ட அதன் துணை கேப்டன் டோலனும் கூடவே வந்தார்.

"ஏம்ப்பா ரெய்னோ," என்றார் டோலன், "சீட்டுல எடைய ஏத்தி எழுதறதுக்கு மச்சான் என்ன அனுப்புறாரு? வெறும் கருவாடுதானா?"

"ஆடுற கப்பல்ல குனிஞ்சு குறி பாக்குற ஆளு நீ. உன் கண்ணு கோளாறுக்கு நான் பதில் சொல்லணுமாக்கும்?"

"போதும்," என்றார் ஸ்ட்ரவுட். "கின்னுனன், திங்கக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா சாவிய என்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போகலாம்."

இரண்டு நாள் ஸ்ட்ரவுட் ரெய்னோவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தராசைச் சோதித்தார். பிழையில்லை.

"தராசு சரியாத்தான் இருக்கு. அப்போ எழுதுற கைதான் சரியில்லையோ?"

சனிக்கிழமை காலை, துறைமுகத்தில் தாதைக் கொட்டிவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பும் காலி வண்டிகளை ரெய்னோ ஜன்னல் வழியே பார்த்தார். வழக்கமாக ஓர் எஞ்சின் இழுக்கும் வரிசையை அன்று இன்னொன்றும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

"சார், அதுல ஒரு வண்டிய இங்க ஏத்தச் சொல்லுங்க."

"காலி வண்டியையா? அத யாருய்யா எடை போடுவா?"

"யாரும் போடுறதில்ல சார். வண்டி மேல பெயிண்ட்ல எழுதியிருக்கிற காலி எடையத்தான் கழிச்சிக்கிறோம்."

இதுவும் ஏற்பாடாக இருக்குமோ என்று ஸ்ட்ரவுட் நினைத்தார். இறங்கிப்போய் வண்டியைத் தானே தேர்ந்தெடுத்தார். அதில் எழுதியிருந்தது 21 டன். முள் 23-இல் நின்றது. ஏறிப் பார்த்தார். உள் சுவர்களிலும் மூலைகளிலும் தாது சிவப்பாக உறைந்து ஒட்டியிருந்தது. மேலும் பத்து வண்டிகளை எடை போட்டார்கள். எல்லாம் அதே கதை. கப்பலில் விழாத அந்தத் தாது, ஒவ்வொரு தடவையும் புதுச் சரக்குபோல மறுபடி சீட்டில் ஏறியிருந்தது.

ஸ்ட்ரவுட் கூட நின்ற டோலனிடம் திரும்பினார். "கொட்டுறப்ப உறைஞ்ச தாத நீராவி விட்டு எளக்குவாங்களே, அத பாதியில நிறுத்தச் சொன்னது யாரு?"

"ஏரி உறையறதுக்குள்ள இன்னும் ரெண்டு நடை போகணும்னு கேப்டன் விரட்டினாரு சார்..."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

திங்கட்கிழமை ரெய்னோ சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குளிர்காலத்தில் காலி வண்டிகளையும் எடை போட உத்தரவு வந்தது. எடைச் சீட்டில் இனி இரண்டு கையெழுத்து வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. இரண்டாவது கையெழுத்துக்குக் கப்பல் தரப்பிலிருந்து ஓர் ஆளை நியமித்தார்கள்.